கை மறந்தால் வண்டி நிற்கும்: லாம்பிரட்டா நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லாம்பிரட்டா, லாம்பி, விஜய் சூப்பர் உடைமையாளர்களே, ஓட்டிகளே,



கொஞ்ச காலமாக நாம் கூடும் இடங்களில் எல்லாம் பேச்சு விலையைச் சுற்றியே போகிறது. எந்த வண்டி எவ்வளவுக்குக் கைமாறியது, எந்த ஊரில் யார் வீட்டுக் கொட்டகையில் இன்னும் ஒரு எல்ஐ 150 தூசி மூடிக் கிடக்கிறது, எந்தப் பச்சை அசல் பச்சை என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். இவையும் பேச வேண்டியவைதான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். நம் இன்ஜின்களைத் திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வேலையை விட்டு விலகுகிறார்கள். கண் மங்கிவிட்டது, முழங்கால் மடக்க முடியவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிடுகிறது. அவர்கள் கையில் இருந்த வேலை யார் கைக்கும் வரவில்லை. அதைப் பற்றி உங்களோடு பேசவே இந்த மடல்.

'ஸ்பேர்ஸ் கிடைப்பதில்லை' என்ற பழைய புலம்பலை இனி நாம் விட்டுவிடலாம். பிஸ்டன், ரிங், கிராங்க், கேபிள், ரப்பர், விளக்குக் கண்ணாடி என்று பெரும்பாலான பாகங்களை இத்தாலியிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் மறுபடி செய்து விற்கிறார்கள். சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. கடையில் கிடைக்காததைக் கடைந்து தரக் கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பணமும் பொறுமையும் இருந்தால் பொருள் வந்து சேர்ந்துவிடும். அந்தப் பொருளை இடம் அறிந்து, இறுக்கம் அறிந்து பொருத்தும் கை ஓய்ந்துவிட்டால், அதை எந்தக் கடையிலும் ஆர்டர் செய்ய முடியாது.

இந்தக் கைவேலையைக் காக்கும் பொறுப்பு நமக்கு எப்படி வந்தது என்று ஒரு முறை நினைத்துப் பார்ப்போம். மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் எஃகுக் குழாய் தயாரித்துக்கொண்டிருந்தவர் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி. இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஆலை குண்டுவீச்சில் நொறுங்கியது. போர் முடிந்ததும், கார் வாங்க வழியில்லாத மக்களுக்கு மலிவான ஒரு ஸ்கூட்டர் செய்ய முடிவெடுத்தார். முதலில் விமானப் பொறியாளர் கொர்ராடினோ தஸ்கானியோவை அணுகினார். தகட்டை அழுத்தி வளைத்து உடலையே சட்டமாக்கலாம் என்றார் தஸ்கானியோ. குழாயில்தான் சட்டம் வேண்டும் என்றார், குழாய் வியாபாரியான இன்னொசென்டி. ஒத்துவரவில்லை. தஸ்கானியோ என்ரிகோ பியாஜியோவிடம் போனார். 1946இல் வெஸ்பா பிறந்தது. செசரே பல்லவிசினோவும் பியர் லூயிஜி தோர்ரேயும் இன்னொசென்டிக்காகக் குழாய்ச் சட்டத்தில் உருவாக்கிய வண்டி 1947இல் லாம்பிரட்டா என்ற பெயரில் வெளிவந்தது.

அந்தப் பிடிவாதத்தின் பலனை நாம் இன்றும் கையில் உணர்கிறோம். பழைய வெஸ்பாவில் இன்ஜின் ஒரு பக்கமாகத் தொங்கும். நம் எல்ஐ வண்டிகளில் சிலிண்டர் நடுவில் படுத்தபடி இருப்பதால் எடை இரு பக்கமும் ஒத்து நிற்கிறது. தகடு துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம், சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அறுபது வருட மழையில் நின்ற வண்டிகளைக்கூட எழுப்ப முடிகிறது என்றால் அந்தக் குழாய்தான் காரணம்.

நம் மண்ணோடு இந்த வண்டிக்கு உள்ள உறவும் சின்னது அல்ல. 1949இல் பம்பாயில் ரூட்ஸ் குழுமம் தொடங்கிய ஏபிஐ நிறுவனம் லாம்பிரட்டாவை இங்கே கோத்து விற்க ஆரம்பித்தது; பிறகு உரிமம் பெற்று எல்ஐ 150ஐத் தயாரித்தது. அந்த நிறுவனத்தைப் பின்னாளில் வாங்கியவர் சென்னையின் எம்.ஏ. சிதம்பரம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். 1971இல் மிலானில் லாம்பிரட்டா உற்பத்தி நின்றது. இந்திய அரசு அந்த ஆலையின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் பெயர் உரிமையையும் விலைக்கு வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. பெர்தோனே வடிவமைப்பில் 1969இல் வந்த ஜிபி வண்டிதான் அங்கே விஜய் சூப்பராக மறுபிறவி எடுத்தது. பெயர் உரிமை லக்னோவுக்குப் போய்விட்டதால் 1970களின் பிற்பகுதியில் ஏபிஐ வண்டி 'லாம்பி' ஆனது. மிலானில் நின்ற வேலை லக்னோவில் 1990களின் பிற்பகுதி வரை நடந்தது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களில் சிலர் இந்திய வண்டி என்றால் ஒரு படி கீழே வைத்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நம்மில் சிலரும் பெயர்ப் பட்டையைப் பிய்த்துவிட்டு இத்தாலியப் பட்டை ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிலானிலிருந்து வந்த அச்சுகளிலும் இயந்திரங்களிலும் பிறந்த வண்டி அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தாலியில் உற்பத்தி நின்று, அங்கே அது ஆசைக்கு வைத்திருக்கும் பொருளாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே அது பள்ளிக்கூட வாத்தியாரையும் பால்காரரையும் சுமந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கெட்ட வண்டி மறுநாள் காலையில் ஓடியாக வேண்டும். அந்த நெருக்கடியில் பழகிய கைகள் நம் மெக்கானிக்குகளின் கைகள். கண்காட்சிக்காக வண்டியைத் திறப்பவருக்கு வராத பழக்கம் அது.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு நான் அருகில் நின்று பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் பகுதிப் பட்டறைக்கு ஒருவர் விஜய் சூப்பரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவியாகிவிட்டது, ஜெட் மாற்றியாகிவிட்டது, ஐடிலிங் மட்டும் நிற்கவில்லை என்றார். பட்டறைப் பெரியவர் கார்பரேட்டர் பக்கமே போகவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக விட்டார். ஆக்சிலேட்டரை ஒரு முறை திருகி விட்டார். கையை எடுத்த பிறகும் இன்ஜின் இறங்காமல் கொஞ்ச நேரம் அலறியது. "கார்பரேட்டர் மேல தப்பு இல்ல தம்பி. காத்து வேற வழியா உள்ள போவுது" என்றார். ஃபேன் கவரைக் கழற்றி, நட்டை எடுத்து, புல்லர் போட்டு மேக்னட்டை இழுத்தார். உள்ளே இருந்த பிளேட்டில் ஆயில் சீலுக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஈரக் கறை. சீல் தேய்ந்து காற்று புகுந்துகொண்டிருந்தது.

காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறையும். சூடு ஏறும். அப்படியே நெடுஞ்சாலையில் விரட்டியிருந்தால் பிஸ்டன் ஜாம் ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டியவர் கீழே விழுந்திருப்பார். கையளவு ரப்பர் வளையம் ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெரியவர் அதைக் காதால் கண்டுபிடித்தார். மறுபக்கத்துச் சீல் போனால் அறிகுறி வேறு: கியர்பாக்ஸ் ஆயில் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு, புகை நீலம் கலந்து அடர்த்தியாக வரும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் இறங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

பின்சக்கர ஹப்பையும் சொல்ல வேண்டும். அது கூம்பு வடிவப் பற்கள் கொண்ட தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நட்டைச் சரியான விசையில் இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைத் தவறவிட்டால் ஹப் மயிரிழை ஆடும், ஆட்டம் பற்களைத் தின்னும், பற்கள் போனால் தண்டு போகும், தண்டை மாற்ற கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும். திறந்து மூடும்போது முதல் கியருக்கும் ஷிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி 0.07 மி.மீ.க்கும் 0.30 மி.மீ.க்கும் இடையில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கியர் பிடிக்கும். தளர்ந்தால் ஓட்டத்தில் கழலும். அளவு புத்தகத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் கேஜை நுழைப்பது, எவ்வளவு உரசினால் சரி என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

பாயிண்ட் வைப்பதும் அப்படித்தான். மீட்டர் இல்லாத காலத்தில், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து, மேக்னட்டை மெதுவாகச் சுற்றி, தாள் எந்த நொடியில் விடுபடுகிறது என்று பார்த்து டைமிங் வைத்தார்கள். இன்றும் சாலை ஓரத்தில் நின்றுபோன வண்டிக்கு அந்த வித்தை உதவும்.

இதையெல்லாம் மனதில் வைத்து உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன்.

முதலில், உங்கள் வண்டியின் அடுத்த இன்ஜின் வேலையின்போது முழு நேரமும் பட்டறையில் இருங்கள். விட்டுவிட்டுப் போய் 'முடிந்ததும் போன் பண்ணுங்கண்ணே' என்று சொல்லாதீர்கள். கையைக் கறையாக்கிக்கொண்டு, அவர் சொல்கிறபடி நீங்களே கழற்றுங்கள், நீங்களே பூட்டுங்கள். அவருடைய வேகம் இதனால் குறையும். ஆகவே கூலியோடு கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். குரோம் பூச்சுக்காரர் கேட்ட தொகையை முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். இன்ஜினைத் திறந்து நம் உயிரைக் காக்கும் மனிதரிடம் நூறுக்கும் இருநூறுக்கும் பேரம் பேசுகிறோம். இந்தப் பேரம்தான் அவருடைய பிள்ளைகளை இந்தத் தொழிலை விட்டு விரட்டியது. இதை நாம் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். என்ன போர், எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், எந்த ஷிம், எந்த ஜெட், கிளட்ச் கார்க் பிளேட்டை முதல் நாள் இரவே ஆயிலில் ஊறவைத்தார்களா, எந்த மாதம் சீல் மாற்றியது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டி கைமாறினால் ஆர்.சி.யோடு நோட்டும் போக வேண்டும். பெரியவர்கள் சம்மதித்தால் அவர்கள் வேலை செய்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் பெயர் அதில் இருக்கட்டும். அறிவு யாருடையது என்பது மறக்கப்படக் கூடாது.

மூன்றாவது, ஊருக்கு ஒரு பொதுக் கருவிப் பெட்டி. மேக்னட் புல்லர், கிளட்ச் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, பின் ஹப் புல்லர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச். தனித்தனியாக எல்லோரும் வாங்கத் தேவையில்லை. இவை இல்லாத இடத்தில்தான் சுத்தியலும் உளியும் வேலைக்கு வருகின்றன. அலுமினிய கேஸ் விரிசல் விடுவது அப்போதுதான்.

நான்காவது, வண்டியை ஓட்டுங்கள். நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட வேகமாகக் கெடுகிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், டேங்க்குக்குள் துருவை வளர்க்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். சில வாரங்கள் எடுக்க மாட்டீர்கள் என்றால் டேங்க்கையும் கார்பரேட்டரையும் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவைப்படுவதால் பிளக்கை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் நலம். வெளுத்திருந்தால் ஜெட்டைக் கவனிக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். சிலிண்டர் பளபளப்பது தெரிய வேண்டும் என்று காற்றை வழிநடத்தும் தகட்டுக் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரைப் பார்க்கிறேன். ஃபேன் அடிக்கும் காற்று சிலிண்டரைச் சுற்ற அந்தக் கவர்தான் வழி. நம் ஊர் வெயிலில் அது இல்லாமல் ஓட்டுவது இன்ஜினைக் கொளுத்துவதற்குச் சமம்.

மலைக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளானாலும் கொல்லிமலையின் 70 வளைவுகளானாலும், இறங்கும்போது கியரில்தான் இறங்குவோம். அப்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி வைத்தால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் பிஸ்டனுக்கு வழுவழுப்பு கிடைக்காது. அவ்வப்போது லேசாகத் திருகி விட்டுக்கொண்டே இறங்குங்கள். கூட்டமாகப் போகும்போது மெதுவான வண்டி முன்னால் போகட்டும். கியர் கேபிள், கிளட்ச் கேபிள், பிளக் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். பஞ்சர் ஆனால், இரண்டு பாதியாகப் பிரியும் அந்த ரிம்மின் நட்டைத் தொடும் முன் டியூபில் இருக்கும் காற்றை முழுவதும் இறக்குங்கள். இறக்காமல் நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது.

பதிவு விஷயத்திலும் யோசித்து முடிவெடுங்கள். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, அசல் வடிவில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்குச் சாலையில் எடுக்க முடியாது. காட்சிக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு அது நல்ல வழி. நடப்பில் உள்ள ஆர்.சி. கையில் இருந்தால் அதைப் புதுப்பித்துக்கொண்டு, சந்தைக்கும் கோயிலுக்கும் அதே வண்டியில் போய்வருவதே என் விருப்பம். எலெக்ட்ரானிக் இக்னிஷனும் 12 வோல்ட் விளக்கும் போட்டதற்காக யாரையும் பழிக்க வேண்டாம். இரவில் எதிரே வரும் லாரிக்கு நம்மைத் தெரிய வேண்டும். கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் காயிலையும் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வருபவர் விரும்பினால் பழையபடி மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

கடைசியாக, சாவியை இளையவர்களிடம் கொடுங்கள். மகனிடம் மட்டும் அல்ல, மகளிடமும். கை கிளட்சை அமுக்கி இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் வண்டியில் அவர்கள் தடுமாறுவார்கள். வண்டி குலுங்கும், நிற்கும், ஒரு கீறல் விழலாம். கீறலை டிங்கர் பார்த்துக்கொள்வார். கியர் கேபிள் இரண்டும் ஒரே இழுப்பில் இருந்தால்தான் கியர் சரியாக விழும் என்பதை அந்தப் பிள்ளைகள் தம் மணிக்கட்டால் உணர்ந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு ஒரு கை கிடைத்துவிட்டது என்று பொருள்.

இதைத் தொடங்க நாளும் நமக்கு வாய்த்திருக்கிறது. ஆயுத பூசை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். இந்த ஆண்டு அந்தப் பூசை முடிந்ததும் உங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போங்கள். வேலையை நிறுத்திவிட்டவராக இருந்தாலும் போங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து, 'எனக்கு இன்ஜின் வேலை கற்றுத்தர வேண்டும்' என்று கேளுங்கள். மறுநாள் விஜயதசமி. நம் ஊரில் படிப்பைத் தொடங்கும் நாள். அன்று காலை அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்து, அவர் முன்னால் முதல் நட்டை நீங்கள் கழற்றுங்கள். எந்த ஊரில் எத்தனை பேர் தொடங்கினோம் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். விலையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்